மூன்றாம் தடவையும் கதவு திறக்குமா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போனில் அழைத்து, "அண்ணா, ஏதாச்சும் உபயோகமா ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசிடுங்க" என்றார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்ததைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்டால் பதில் இல்லாத நோயாளிகளோடுதான் என் உத்தியோக காலம் கழிந்தது. ஆகவே அவர்களைப் பற்றியே பேசுகிறேன். வீடு இல்லாமல் தெருவில் கிடக்கிற ஒரு மனிதர் மீண்டு வர முடியுமா? முடியும் என்றால் எந்த அளவுக்கு? அதில் நம் பங்கு என்ன?

நம்ம கொங்குச் சீமையில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி என்னங்க? "எந்த ஊருங்க?" கிணத்துக்கடவு என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? "கிணத்துக்கடவுல எங்கீங்க? யாரு தோட்டம்? யாரு பையன்?" அரை நிமிஷத்தில் நம்மை ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஒறம்பரை முறை கண்டுபிடித்துவிட்டால் காபியும் வந்துவிடும். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட பதில் சொல்ல முடியாதவர் எவரோ அவர்தான் வீடற்றவர். கூரை இல்லாதது பாதிக் கஷ்டம். 'இன்னாருடைய ஆள்' என்று சொல்ல ஒருவரும் இல்லாதது மீதிப் பாதி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு தனியாக இவர்களை எண்ணினார்கள். சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களுக்குள், மாடிப்படிக்கு அடியில், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேடித்தேடி எண்ணியதில் நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரே இரவில் கண்ணுக்குத் தட்டுப்பட்டவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில்.

நம் பக்கத்துக்கே வருவோம். உக்கடம், காந்திபுரம், சிங்காநல்லூர் பஸ் நிலையங்களில் விடியற்காலை நாலு மணிக்கு இறங்கியிருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் மேம்பாலத்துக்கு அடியில், தக்காளி மார்க்கெட் ஓரத்தில், பொன்மலை அடிவாரத்தில் அவ்வப்போது ஒருவர் கண்ணில் படுவார். இரண்டு நாள் பார்ப்போம், மூன்றாம் நாள் காணாது. எங்கே போனார் என்று நாம் கேட்பதில்லை.

தெருவுக்கு வரும் தடங்கள்

தெருவுக்கு யாரும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. என் அனுபவத்தில் நாலு தடம் உண்டு. ஒன்று, கடன். இரண்டு, குடி. மூன்று, மனநோய். நான்கு, முதுமை, பிள்ளைகள் இருந்தும் போக்கிடம் இல்லாத முதுமை. பெரும்பாலும் இதில் இரண்டு மூன்று சேர்ந்துதான் ஆளைத் தள்ளும். ஆலை மூடிப் போய் வேலை இழந்தவர் கடன் வாங்குவார், கடன்காரனுக்குப் பயந்து குடிப்பார், குடித்ததால் வீட்டில் சண்டை. ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அப்புறம் திரும்புகிற முகம் இருக்காது.

ஐந்தாவதாக இப்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். வட மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்து, மனம் பேதலித்து, எந்த ஸ்டேஷனில் இறங்கினோம் என்றே தெரியாமல் நம் சாலைகளில் நடக்கிறவர்கள். அவர் பேசுவது நமக்குப் புரியாது. நாம் கேட்பது அவருக்குப் புரியாது. 'பைத்தியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர் ஒடியாவிலோ வங்காளியிலோ தன் ஊர்ப் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரே மனிதர், இரண்டு சட்டங்கள்

இந்த மனிதரை அரசாங்கம் எப்படிப் பார்த்தது? 1945இல் சென்னை மாகாணத்தில் பிச்சை எடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கி, பிடித்து அடைத்து வைக்க வழி செய்தது அது. இதே மாதிரி பம்பாய்ச் சட்டம் ஒன்று டெல்லியில் நடைமுறையில் இருந்தது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. வறுமையைக் குற்றமாக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இன்னொரு பக்கம், 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இதில் 100ஆவது பிரிவை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் மனநோயோடு ஒருவர் அலைகிறார் என்று நம்ப இடமிருந்தால், அவரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல்துறையின் கடமை. லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் நிலைய அதிகாரிக்கு உண்டு. வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் அரசு செலவில் சிகிச்சை பெற உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் அதே மனிதர், ஒரு சட்டத்தின் கண்ணில் குற்றவாளி, இன்னொரு சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ள குடிமகன். எந்தக் கண்ணில் படுவார் என்பது பல சமயம் முதலில் போன் செய்கிறவர் சொல்லும் வார்த்தையைப் பொறுத்தது. "இங்க ஒருத்தன் தொந்தரவு பண்றான், அப்புறப்படுத்துங்க" என்று சொன்னால் ஒரு வழி. "ஒரு பெரியவர் உடம்பு, மனசு ரெண்டும் சரியில்லாம இருக்கறாருங்க, 100ஆவது பிரிவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், நானும் கூட வர்றேன்" என்றால் வேறு வழி.

இரண்டு பெண்கள்

இது கல்லூரி விழா. ஆகவே மாணவப் பருவத்தை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த இரண்டு பெண்களின் கதையைச் சொல்ல வேண்டும். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு தோழிகள், மனநோயோடு தெருவில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவரைச் சேர்த்துவிட இடம் தேடி அலைந்தார்கள். எங்கேயும் கதவு திறக்கவில்லை. கடைசியில் தாங்களே ஒரு வீடு பிடித்து ஆரம்பித்ததுதான் 'தி பேன்யன்'. அங்கிருந்து குணமான எத்தனையோ பெண்கள் பல மாநிலங்களில் உள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

அவர்கள் ஆரம்பித்து எட்டு வருஷம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம்தான், அதுவும் நல்லது நடக்கும் என்று நம்பித்தான். விட்டுவிட்டு வந்ததோடு பொறுப்பு முடிந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேன்யன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. குணமான எல்லோருக்கும் வீடு காத்திருப்பதில்லை. சிலரைக் குடும்பம் ஏற்பதில்லை. சிலருக்குக் குடும்பமே இல்லை. சிலர் போய்விட்டு மறுபடி தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் ஊருக்குள்ளேயே சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேரை ஒரு குடும்பம் போல் குடிவைத்து, உதவிக்கு ஓர் ஆளையும் அமர்த்தும் 'ஹோம் அகெய்ன்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அவர்களே சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டு அக்காவோடு பேசுவார்கள். தமிழ்நாடு அரசும் 2018ஐ ஒட்டி, தெருவில் அலையும் மனநோயாளிகளுக்காக மாவட்ட அளவில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொடங்கியது.

குளிப்பாட்டிய பிறகு

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

தெருவில் கிடந்தவரை அழைத்து வந்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, 'முன்பு – பின்பு' என்று இரண்டு படம் போடுகிறார்கள். பார்க்கிற நமக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் புண்ணைக் கழுவ எல்லோராலும் முடியாது. ஆனால் அந்த இரண்டாவது படத்தோடு மீட்பு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது முதல் நாள்தானுங்க. பரீட்சை மூன்றாவது மாதத்தில் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். லேத் பட்டறையில் கை தேர்ந்தவர். குடியால் எல்லாம் போனது. காலில் புழு வைத்த புண்ணோடு எங்கள் வார்டுக்கு வந்தார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. தம்பியைக் கண்டுபிடித்துச் சொன்னோம். கார் எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனார். வார்டே சந்தோஷப்பட்டது.

நாற்பதாவது நாள் அவர் மறுபடி பஸ் ஸ்டாண்டில் இருந்தார். ஏன் என்று கேட்டேன். "தம்பி மேல தப்பில்லீங்க. எனக்குத் தனித் தட்டு வெச்சாங்க. குழந்தைகளைப் பக்கத்துல விடலை. நோம்பிக்கு ஒறம்பரை வந்தப்ப, சாளைக்குள்ளயே இருந்துக்குங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போயிட்டேன்" என்றார்.

இரண்டாவது தடவை, ஒரு காப்பகத்தில் சேர்ந்தார். வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தார். ஆறாவது மாதம் முன்பணம் வாங்கினார், முதலாளியின் சைக்கிளோடு காணாமல் போனார். முதலாளி கோபத்தில், "இந்த மாதிரி ஆளுகளெ நம்பவே கூடாதுங்க" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது தடவை வலிப்போடு தூக்கி வந்தார்கள். நினைவு தெளிந்ததும் என்னைப் பார்த்து, "எத்தனை தடவைங்க ஐயா, என்னைக் காப்பாத்துவீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா சொன்னார்: "சர்க்கரைக்காரரு பத்து தடவை வந்து படுக்கறாரு. அவரெ யாரும் எத்தனை தடவைன்னு கேக்கறதில்லையே. நீங்க மாத்திரையெ முழுங்குங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறதுங்க. குடிப்பழக்கம் ஒரு நோய். திரும்பத் தலைகாட்டுவது அந்த நோயின் குணம். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியதிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார்கள். நம் மனசுதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவரோடு முன்பு வேலை செய்து, பிறகு சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்த ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு வந்தார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. மூன்று ஏற்பாடு மட்டும் செய்தார். மொத்தமாகக் கையில் பணம் சேராதபடி கூலி அன்றன்றைக்கு. பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு அறை. மூன்றாவது, "நீ எங்காவது போயிட்டயின்னா ஒரு மாசத்துக்கு இந்த ரூமை வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்" என்ற வாக்கு. அதன் பிறகு அவர் இரண்டு தடவை காணாமல் போனார். இரண்டு தடவையும் தானாகவே திரும்பி வந்தார். திரும்புவதற்கு ஓர் இடம் இருந்ததால் திரும்பினார். போன வாரம் பார்த்தேன், லேத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் நிற்பார் என்று நான் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

"முதலில் திருந்தட்டும், அப்புறம் இடம் கொடுக்கலாம்" என்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். முதலில் வீட்டுச் சாவியைக் கொடு, சிகிச்சையை அதற்குப் பிறகு அவர் சம்மதத்தோடு செய் என்றார். பின்லாந்து 2008இல் இதையே நாட்டின் கொள்கையாக எடுத்துக்கொண்டது. வீடற்றோர் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. நம்ம பட்டறைக்காரர் இதையெல்லாம் படித்தவரல்ல. ஆனால் செய்தது அதுதான்.

உத்தரவாதம் எங்கே?

நம்மில் பலர் தொழில் செய்கிறவர்கள். "இவ்வளவு செய்தால் ஆள் திருந்துவார் என்று உத்தரவாதம் உண்டா?" என்று கேட்பீர்கள். இல்லீங்க. கிடையாது. ஆனால் கிணத்துக்கடவுக்காரர் உத்தரவாதம் கேட்டுத்தான் விதைத்தாரா? மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்தவருக்கு மழை உத்தரவாதம் யார் கொடுத்தார்? தக்காளி போட்டவருக்கு மார்க்கெட் விலை உத்தரவாதம் உண்டா? ஒரு வருஷம் பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டிவிட்டு வந்தவர்தான் அடுத்த பட்டத்துக்கு நாற்று வாங்கப் போகிறார். செடிக்குக் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பை மனிதனுக்குக் கொடுக்க மட்டும் நமக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நாலே விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, பார்த்தால் கடந்து போகாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் 100ஆவது பிரிவைச் சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். மனநலம் பற்றி ஆலோசனை கேட்க 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், முதியோருக்கு 14567 என்ற எண்ணும் இருக்கின்றன. வேற்று மொழிக்காரர் என்றால் மலுமிச்சம்பட்டி சிட்கோ பக்கம் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்களில் ஒருவரை அழைத்து வந்து பேசவிடுங்கள். ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, படம் எடுக்காதீர்கள். சிகிச்சையில் இருக்கும் மனநோயாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. நாளைக்கு அவர் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தப் பழைய படம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, விலாசம் கொடுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் 'எங்கே இருக்கிறாய்' என்ற கேள்விதான் முதலில் நிற்கிறது. தேர்தல் ஆணையம் இதில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. வீடற்றவர் வாக்காளராகப் பதிய முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்தால் போதும். இது பலருக்குத் தெரியாது. இதை எடுத்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுக்க நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாலு பேர் போதும்.

நான்காவது, இதுதான் முக்கியம். மூன்றாவது மாதம் போய்ப் பாருங்கள். பிறந்த நாளைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியம்தான், நிறுத்த வேண்டாம். அதோடு நம் சங்கம் ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். பட்டறை, மில், நர்சரி, ஓட்டல் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு ஒரு வேலை, ஓர் அறை ஒதுக்குங்கள். காப்பகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அது. ஆள் ஒரு தடவை தவறினால் அந்த இடத்தை ஒரு மாதம் காலியாகவே வைத்திருங்கள். இப்போது படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு போய், "எப்படி இருக்கீங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். பத்துப் பேருக்குச் செய்தால் மூன்று பேர் நிற்பார்களா, ஏழு பேர் நிற்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. நிற்கப் போகிறவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் பத்துப் பேருக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

சங்கத் தலைவர் அவர்கள் இதை அடுத்த செயற்குழுவில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சம்மதிப்பவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறதுங்க, யாரும் தப்ப முடியாது.